அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று: அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் சுங்கை சிப்புட் உறவுகளே. அம்மாவுக்கு வயது 68. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய வலது முழங்காலுக்கு அடுத்த மாதம் ஈப்போவில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை.

மருத்துவர் சொன்னபடி சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறோம். சொத்தைப் பல்லையும் பிடுங்கியாகிவிட்டது. அந்தக் கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டைத் தொற்றக்கூடுமாம். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தும் தொடைப் பயிற்சியைத் தினமும் செய்கிறார்.

என் கவலையெல்லாம் வீட்டைப் பற்றித்தான். பழைய லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு). குந்தி உட்காரும் கழிப்பறை, குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், எப்போதும் ஈரத் தரை. அம்மா இத்தனை காலமும் படுத்தது தரையில் பாய் விரித்துத்தான். கழிப்பறை நாற்காலியோ வாக்கரோ யாரிடமாவது சும்மா கிடந்தால் மூன்று மாதத்துக்கு இரவல் தாருங்கள், வாடகை என்றாலும் சரி. சுவரில் கைப்பிடி பொருத்தித்தரும் ஆள் தெரிந்தாலும் சொல்லுங்கள். கட்டில் எந்த உயரத்தில் இருந்தால் எழுந்து நிற்க எளிது?

இன்னொன்று. அம்மா பயந்துபோயிருக்கிறார். "இருக்கிற காலோடவே போய்ச் சேர்ந்துடுறேன்" என்று இரவெல்லாம் அழுகிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார். இதே சிகிச்சை செய்துகொண்டு நடமாடும் அக்கா, அத்தை யாராவது பக்கத்தில் இருந்தால், ஒரு மாலை வந்து அவரிடம் பேசுவீர்களா? நானே வந்து அழைத்துப் போகிறேன்.