கார்த்தியின் குடுவைச் செடியில் புள்ளி

குழு: அப்புச்சி வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு, காலை 7.12

கார்த்தி (திருப்பூர்): செல்வி அக்கா, ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நீங்கள் கொடுத்த குடுவைச் செடி, அதுதான் குடுவையில் பூச்சி பிடித்துத் தின்னும் செடி, சரியில்லை. இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம். அடியில் இரண்டு இலைகள் கறுத்துவிட்டன. ஆசையாக வளர்த்தேன், பார்க்கவே மனது கேட்கவில்லை.
(மூன்று படங்கள்)

பெரியம்மா (பொள்ளாச்சி): ஐயோ கண்ணு, ஒரு குடுவை முழுக்கக் காய்ந்து கிடக்கிறதே!

செல்வி (வடவள்ளி): பெரியம்மா, காய்ந்த குடுவைக்காகப் பயப்பட வேண்டாம். வயதான குடுவை மூடியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டு வரும். அது நோய் அல்ல. அதைத் தாங்கும் இலை பச்சையாக இருந்தால் இலையை வெட்டக் கூடாது. எனக்குக் கவலை மூன்றாவது படம்தான். தண்டின் அடிப்பகுதி கறுப்பாகத் தெரிகிறது. கார்த்தி, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார். மெத்தென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா?

கார்த்தி: கெட்டியாகத்தான் இருக்கிறது அக்கா.

செல்வி: அப்பாடா. மெத்தென்று அமுங்கினால் வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். இப்போது உள்ளதை உள்ளபடி சொல். செடியை எங்கே வைத்திருக்கிறாய்? என்ன தண்ணீர் ஊற்றுகிறாய்?

கார்த்தி: ஈரப்பதம் வேண்டும் என்று சொன்னீர்களே, அதனால் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்தேன். தொட்டிக்கு அடியில் தட்டு, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். போர் தண்ணீர்தான். மாலையில் இலை நனைய ஊற்றுவேன்.

அப்புச்சி (கோபி): இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துப் போர்டோ கலவை அடித்தால் தீர்ந்தது. தென்னைக் குருத்தழுகலுக்கு நான் எத்தனை வருடம் ஊற்றியிருக்கிறேன்!

செல்வி: அப்புச்சி, தென்னைக்கு அது சரி. இதற்கு மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு என் செடிக்கு மயில்துத்தம் போலத் தாமிரம் உள்ள மருந்து அடித்தேன். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. அதன்பின் நான்கு மாதம் ஒரு குடுவைகூட வரவில்லை. போர்டோ கலவையில் சுண்ணாம்பும் இருக்கிறது. இந்தச் செடியின் வேர் புளிப்பான, சத்தில்லாத மண்ணுக்குப் பழகியது. சுண்ணாம்பு ஏறினால் தாங்காது.

அப்புச்சி: சரி அம்மணி, அடிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த வகைச் செடி மேகாலயத்து மலையில் இருக்கிறது என்று நீதானே சொன்னாய். அங்கே கொட்டுகிற மழையில் அழுகாதது, திருப்பூர்த் தூறலில் ஏன் அழுகுகிறது?

செல்வி: அப்புச்சி, நல்ல கேள்வி கேட்டீர்கள். காலையிலிருந்து நான் சொல்ல வந்ததே இதுதான். கார்த்தியின் செடி நர்சரியில் வளர்த்த கலப்பினம். குடுவைச் செடிக்கு நெப்பந்தஸ் என்று பெயர். மேகாலயத்தில் இருப்பது அதில் நெப்பந்தஸ் காசியானா என்ற இனம். காசி, காரோ, ஜெயிந்தியா மலைகளில் வளர்கிறது. இந்தியாவில் இயற்கையாக முளைக்கும் நெப்பந்தஸ் அது ஒன்றுதான். காரோ மக்கள் அதை மேமாங் கோக்சி, அதாவது பேயின் கூடை என்கிறார்கள். மழை கொட்டினாலும் மலைச்சரிவில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். காற்று வந்துகொண்டே இருக்கும், நனைந்த இலை உலர்ந்துவிடும். கார்த்தியின் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது, காற்றோ நுழையவே இல்லை. இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வித்து முளைக்க வேறென்ன வேண்டும்?

அப்புச்சி: அப்படியானால் மஞ்சள் கதைதான். பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அதற்காகத்தான் பார் பிடித்து நடுகிறோம்.

செல்வி: அதே கதைதான் அப்புச்சி! மஞ்சள் கிழங்கை அழுகவைக்கும் பித்தியம் என்ற கிருமியின் இனம் இந்தச் செடியின் வேரையும் விடாது. அது உண்மையில் பூஞ்சை அல்ல, நீர்ப்பாசிகளுக்கு உறவான நுண்ணுயிர். அதனால்தான் கடையில் எல்லாரும் கேட்டு வாங்கும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சை மருந்து அதனிடம் பலிக்காது. நோய் எதுவென்று தெரியாமல் மருந்து வாங்குவது வீண்.

கார்த்தி: இப்போது நான் என்ன செய்ய வேண்டும் அக்கா?

செல்வி: முதலில் பிளாஸ்டிக் தாளை எடு. இன்றே எடு. தட்டுத் தண்ணீரைக் கொட்டு. கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துப் புள்ளி நிறைந்த இலைகளை அடியோடு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் நோயை நாமே இலைக்கு இலை பரப்புவோம். வெட்டியதைச் செடியடியில் போடாதே, குப்பையில் கட்டிப் போடு. ஒன்றிரண்டு புள்ளி மட்டும் உள்ள இலை இருக்கட்டும், செடிக்குச் சாப்பாடு வேண்டுமே. தண்ணீர் காலையில் மட்டும், தொட்டி மண்ணுக்கு மட்டும். உன் போர் தண்ணீரை அளந்து பார்த்தாயா?

கார்த்தி: தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1,350 காட்டுகிறது.

செல்வி: சாமி! 50க்குள் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. உப்பேறிய வேர் முதலில் நோகும், நொந்த வேரில்தான் அழுகல் நுழையும். இந்த மழையை வாளியில் பிடித்து வை. தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர், அதிலும் நல்ல தண்ணீர் வரும் குழாயைப் பார்த்துப் பிடி, கழிவு நீரை அல்ல.

பெரியம்மா: தொட்டி மண்ணை மாற்றத் தென்னை நார்த்தூள் வேண்டுமா? இங்கே மில்லில் மலைபோல் குவித்திருக்கிறார்கள்.

செல்வி: வேண்டும் பெரியம்மா. ஆனால் அப்படியே போட முடியாது, அதில் உப்பு இருக்கும். மழைத் தண்ணீரில் நான்கைந்து முறை அலசிப் பிழிய வேண்டும். பாதிக்குப் பாதி பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகள் கலந்தால் தண்ணீர் நிற்காது.

அப்புச்சி: டிரைக்கோடெர்மா விரிடி போடலாம் அல்லவா? மஞ்சளுக்குத் தொழுவுரத்தில் கலந்து போடுகிறேன்.

செல்வி: போடலாம் அப்புச்சி. கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை அது. ஆனால் தொழுவுரம் மட்டும் கூடாது, சத்து அதிகமானால் இந்த வேர் கருகிவிடும். மழைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். அதை ஊற்றிய கையோடு பூஞ்சை மருந்து அடித்தால் இரண்டும் வீண்.

பெரியம்மா: போன வாரம் திருப்பூர் போயிருந்தபோது, பாவம் பசிக்குமே என்று குடுவையில் அவித்த முட்டைத் துண்டு போட்டேன். தப்பா கண்ணு?

செல்வி: அது அழுகிக் குடுவையையே கெடுக்கும் பெரியம்மா. இனி வேண்டாம். ஓர் எறும்பு விழுந்தாலே அதற்கு விருந்து. ஓர் அதிசயம் சொல்கிறேன். பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருள் பூஞ்சையின் சுவரிலும் இருக்கிறது. காசியானாவின் குடுவையில் கைட்டின் பட்டதும், அந்த நீரில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் சுரப்பதாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. தன் இரையைப் பூசணம் பிடிக்காமல் காத்துக்கொள்கிறது செடி! அதனால் குடுவைத் தண்ணீரைக் கொட்டாதே கார்த்தி.

மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.40

கார்த்தி: அக்கா, ஆறு இலை வெட்டினேன். ஒரு பழைய இலையில் மட்டும் புதிதாக இரண்டு புள்ளி. நடுக்குருத்தில் வந்த இலை சுத்தமாக இருக்கிறது, நுனியில் சின்னதாக ஒரு மொட்டுக் குடுவை.
(படம்)

செல்வி: அழகு! ஒன்றிரண்டு புள்ளி இருந்தால் விடச் சொன்னேன், ஆனால் இது புதிதாக வந்த புள்ளி, அந்தப் பழைய இலையையும் எடுத்துவிடு. ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுது.

அப்புச்சி: அம்மணி, கோபி வரும்போது எனக்கும் ஒரு குச்சி கொண்டு வா. கிணற்றுமேட்டில் காற்று நன்றாக வரும்.

செல்வி: கொண்டு வருகிறேன் அப்புச்சி. மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.