சுகர், பிரஷர் மாத்திரைச் செலவு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெடிக்கல்காரன், காரைக்குடி:
எங்கள் கடையில் ஓயாமல் வேலை செய்வது கத்தரிக்கோல்தான். மாதக் கடைசியானால் "ஒரு வாரத்துக்கு மட்டும் வெட்டிக் கொடுங்க தம்பி" என்பார்கள். காலாவதித் தேதி இருக்கிற ஓரத்தை விட்டுவிட்டு, மற்ற பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுப்பேன்.

தச்சு வேலை பார்க்கும் ஒரு அண்ணன் அதையும் நிறுத்திவிட்டார். "தலைசுத்தலே இல்ல, அப்புறம் எதுக்கு?" என்றார். பிரஷருக்கான அம்லோடிபின்தான், ஒரு மாத்திரை சில ரூபாய். சில வருஷம் கழித்து சிறுநீரகம் போய், இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பிரஷரைக் கவனிக்காததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். டயாலிசிஸ் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது, சரி. பஸ் செலவு, கூடப் போகும் அண்ணியின் நாள்கூலி, பூட்டிக் கிடக்கும் பட்டறை இதையெல்லாம் யார் கொடுப்பது?

ஏழை நாடுகளும் கீழ்நடுத்தர வருமான நாடுகளும் சுகர், பிரஷர் போன்ற நோய்களைத் தடுக்க ஒரு டாலர் போட்டால் 2030க்குள் 7 டாலராகத் திரும்பும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. பர்மாவில் வட்டித்தொழில் செய்த எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு புரியாதா? புரியும். ஆனால் அந்த 7 டாலர் ரொக்கமாகக் கைக்கு வராது. டயாலிசிஸ் வராமல் போவதுதான் லாபம். அதைப் பேரேட்டில் எப்படி எழுதுவது?

பள்ளத்தூர் மருமகள்:
2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து, முகப்பில் உட்காரவைத்து பிரஷரும் பார்ப்பார். என் மாமியார் அதை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து வேறு வாங்குவார். "ஓசி மருந்துல வீரியம் இருக்காதுடி." ஒருநாள் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டுமே சுகருக்கான மெட்பார்மின் 500. உற்றுப் பார்த்துவிட்டு, "கடை அட்டைதான் பளபளன்னு இருக்கு" என்றார்.

தேவகோட்டை ராசா:
உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டுமாம். உப்பைக் குறைப்பதும் புகையிலை வரியை ஏற்றுவதும் அரசுக்குச் செலவு குறைந்த தடுப்பு வழிகள். இதை நம்பி, வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரரிடம் உப்பைக் குறைக்கச் சொன்னேன். "உப்பக் கொறச்சா பந்தியில என் பேரு கெட்டுரும்ணே. பிரஷர் வந்தா என் பேரையா சொல்லப் போறாங்க?" என்றார். ஊறுகாயையாவது நிறுத்தலாமா என்றேன். முறைத்தார்.