தேக்கங்காட்டு நிழலுக்கு என்ன நிறம்?

புளியரைக்காரர்:
ஆரியங்காவு தாண்டி தென்மலை போகிற சாலையோரத் தேக்குகளை இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில், அதாவது அந்த நேரத்து வெளிச்சம் கண்ணில் பட்டபடியே, ஆயில் பெயின்டில் வரைந்துகொண்டிருந்தேன். மாசி மாதம், இலையெல்லாம் கொட்டிக் கிடந்தது. நிழலுக்குக் கறுப்பே தொடவில்லை. அல்ட்ராமரைன் நீலமும் கொஞ்சம் அலிஸரின் கிரிம்சன் சிவப்பும்தான். வேலை முடிந்து தூக்குச்சட்டியோடு வந்த ஒரு அம்மா பின்னால் நின்றார்.

"நிழல் எதுக்குத் தம்பி கத்திரிப்பூ கலர்ல இருக்கு?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையை நீட்டி, வெளுத்த சருகின் மேல் தன் கை நிழலை விழவிட்டுக் குனிந்து பார்த்தார். விரலை விரித்தார், மடக்கினார். "ஆமா, அப்படித்தான் இருக்கு. இத்தனை வருசமா இதே வழியாத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

குமுளிவாசி:
ஊதா நிழல் எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. மாசியில் தேக்கு மொட்டையாக நிற்கும். வெயில் படாத இடத்தில் நீல வானத்தின் வெளிச்சம் நேரே இறங்கும், அதனால் நிழல் நீலம் ஓடும். தேக்கடிப் பக்கம் பசுமைமாறாக் காட்டுக்குள் வானமே தெரியாது. இலை வழியாக வடிகிற வெளிச்சத்தில் நிழல் பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும். அங்கே ஊதா வைத்தால் பொய். கறுப்பையும் ஒதுக்க வேண்டாம். பிரெஞ்சு ஓவியர்கள் மானே (Manet), ரெனுவார் (Renoir) இருவருமே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

என் படத்தைப் பார்த்த ஒரு வனக் காவலர், "சாயங்காலம் நாலு மணிக்கு மேலதானே சார்?" என்றார். சரியாகச் சொன்னார். எப்படி என்றேன். தரையில் நான் வைத்திருந்த வெயில் புள்ளிகளைக் காட்டினார்: உச்சிவெயிலில் வட்டமாக விழும், சூரியன் சாயச் சாய நீளும். தரையைப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது.

கம்பத்து அக்கா:
குமுளி மலைப்பாதையில் வரையும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈரப் பெயின்ட் மேல் துளிகள் ஒட்டாமல் முத்து முத்தாக நின்றதை மறக்கவே முடியாது.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேளுங்கள். எண்ணெய் வண்ணம் துணி மாதிரி காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஆடிச் சாரலில் அது ரொம்ப மெதுவாக நடக்கும், அதனால் ஈரப் படத்தைப் பையில் திணிக்காதீர்கள். முதல் பூச்சை டர்பன்டைனில் இளக்குங்கள்; மேலே போகப் போக எண்ணெய் கூடலாம். தலைகீழாகச் செய்தால் பிற்பாடு பூச்சு விரிசல் விடும். கிளைகளுக்கு நடுவே தெரிகிற வானத்தைத் திறந்த வானத்தைவிட ஒரு படி மங்கலாக வையுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் ஓட்டை போட்டதுபோல் துருத்தும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அப்புறம், 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பெயின்ட் அடைக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் பெயின்டைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவது இவ்வளவு சுலபமானது. டியூப் மூடியை ஒழுங்காகத் திருகி வையுங்கள்.

புளியரைக்காரர்:
அக்கா, நான் காயவைப்பதைப் பற்றிக் கேட்கவில்லையே. குமுளிவாசிக்கு: தேக்கு, மாசி என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன், பசுமைமாறாக் காடு என்று சொல்லவே இல்லை. காவலர் சொன்ன வெயில் புள்ளி விஷயத்தை அடுத்த முறை பார்க்கிறேன். நான் கேட்க நினைத்தது வேறு: நீங்கள் வரைந்ததைப் பார்த்துவிட்டு யாராவது அந்த அம்மா மாதிரி திரும்பி மரத்தைப் பார்த்திருக்கிறார்களா?