யாழ்ப்பாண வெயிலில் பறக்கிறவனுக்கு ஐஸ் பயம் தேவையா?

சுன்னாகத்தான்:
என் தங்கச்சியின் மகன் றொறன்ரோவில் சின்னப் பிளேன் ஓட்டப் பழகுகிறான். எப்போது கதைத்தாலும் இறக்கையில் ஐஸ் பிடிக்கிற கதைதான். கனடாவுக்குச் சரி. ஆனால் ஒருநாள் எங்கள் பலாலி விமான நிலையத்தில் பிளேனைக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்பது அவன் ஆசை. இங்கே அந்தப் பயம் எதற்கு? எங்கள் பக்கத்தில் தண்ணீர் உறைகிற குளிருக்கு ஏறக்குறைய 16,000 அடி ஏற வேண்டும். செஸ்னா 152 மாதிரிச் சின்னப் பயிற்சிப் பிளேன் அவ்வளவு ஏறாது.

கடற்காற்று:
அண்ணை, இறக்கை பற்றி நீங்கள் சொல்வது சரி. நான் பத்து வருடம் சின்னப் பிளேன் எஞ்சின்களைத் திருத்தியவள். ஐஸ் காபரேற்றருக்குள்ளும், அதாவது எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற பாகத்துக்குள்ளும் பிடிக்கும்; அதற்கு 16,000 அடி வேண்டாம். பெற்றோல் கையில் பட்டால் சில்லென்று குளிரும் அல்லவா? உள்ளே நடப்பதும் அதுதான். பெற்றோல் ஆவியாகிறது, ஒடுங்கிய வழியால் காற்றும் வேகமாகப் பாய்கிறது. இரண்டும் சேர்ந்து வெப்பத்தை 20 பாகைக்கு மேல் இறக்கிவிடும். வெளியே 25 பாகை இருந்தாலும் உள்ளே உறைநிலை வரலாம். மார்கழி மழையில் எங்கள் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. தரையிறங்கத் திறொட்டிலை, அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடியைக் குறைத்ததும் அந்தக் காற்று வழி இன்னும் ஒடுங்கும். அப்போதுதான் ஐஸ் அடைக்கும்.

சுன்னாகத்தான்:
தங்கச்சி, போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆட்கள் நாங்கள். காபரேற்றரில் ஒருநாளும் ஐஸ் கண்டதில்லை. பிளேனில் அதைச் சூடாக்க ஒரு இழுப்பானும் இருக்கிறது. 1996க்குப் பின் வந்த செஸ்னா 172இல் காபரேற்றரே இல்லை.

கடற்காற்று:
மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது அண்ணை, அதனால்தான் குளிரவில்லை. மோட்டார் சைக்கிள் நின்றால் காலை ஊன்றலாம். 152 கடைசியாகச் செய்தது 1985இல். பல பயிற்சிப் பள்ளிகளில் இன்னும் பறக்கிறது. இழுப்பானை இழுத்ததும் ஐஸ் உருகி, தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் முன்னரைவிட மோசமாக இருமும். பழகுகிற பிள்ளை பயந்து திரும்பத் தள்ளிவிடும். நான் அதிகம் பயப்படுவது அந்த நொடிக்குத்தான். பிந்தி இழுத்தாலும் பயன் குறைவு. அந்தச் சூடு புகைக்குழாயிலிருந்து வருவது. எஞ்சின் தளர்ந்தால் சூடும் குறைந்துவிடும்.

கோப்பாய்ப் பெடியன்:
இறக்கை ஐஸையும் லேசாக விடாதீர்கள். சாண்ட்பேப்பர் மாதிரிச் சொரசொரப்பாக மெல்லியதாய்ப் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் குறையலாம், காற்றின் இழுவை 40 சதவீதம் கூடலாம். பிரேசிலில் 2024 ஆகஸ்ட் 9 அன்று ஐஸ் பிடிக்கும் வானில் பறந்த ஏ.டி.ஆர். 72 விழுந்து 62 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு வருவதும் அந்த வகைப் பிளேன்தான். அதன் இறக்கை விளிம்பில் ஐஸை உடைக்க ஊதிப் பெருக்கிற ரப்பர் உறை இருக்கிறது. செஸ்னா 152இல் அதுவும் இல்லை.

சுன்னாகத்தான்:
அந்தப் பிளேன் 17,000 அடியில் பறந்தது தம்பி. இறக்கை விஷயத்தில் என் பேச்சில் மாற்றமில்லை. மண்ணெண்ணெய்க் கதை பிழைதான். தங்கச்சி, இழுத்தபின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? இன்றிரவு மருமகனிடம் கேட்கப் போகிறேன்.

கடற்காற்று:
அரை நிமிடமும் ஆகலாம், சில நிமிடமும் ஆகலாம் அண்ணை. எஞ்சின் சீராகும்வரை முழுதாக இழுத்தபடியே வைத்திருக்க வேண்டும். பாதி இழுத்து வைக்கிற பழக்கம் அவனுக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.