மாநில அடைவுத் தேர்வில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு 41 சதவீதமாம். பிள்ளையை மாற்றலாமா?

மூணாப்பு_அம்மா:

வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். என் மகள் மூன்று முடித்து இப்போது நான்காம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர்.

போன கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்தார். 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு நடந்ததே, ஸ்லாஸ் என்கிற மாநில அடைவுத் தேர்வு, அதில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கில் 41 சதவீதம். ஒன்றியச் சராசரியைவிடக் குறைவாம். அவர் வாசித்து முடிக்கவில்லை, பின்னால் இருந்து ஒருவர், "அதான் வாசலுக்கே வேன் வருதே, இன்னும் என்ன யோசனை?" என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டு வீட்டில் டிசி கேட்டுவிட்டார்கள். இன்னும் நாலு பேர் போனால் ஒரு டீச்சரைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

என் மகள் தமிழை நன்றாக வாசிக்கிறாள். கணக்கில் கழித்தல் வந்தால் மட்டும் முழிக்கிறாள். இந்த 41ஐ வைத்து நான் என்ன முடிவெடுக்க வேண்டும்? அடுத்த கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_எச்எம்:

அம்மா, நான் கணக்கு வாத்தியாராக இருந்து, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பேர் எழுதினார்கள் என்று. இரண்டு டீச்சர் பள்ளி என்றால் மூன்றாம் வகுப்பில் பத்துப் பேர் இருந்தாலே அதிகம். ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் தலா 50, இரண்டு பேர் தலா 10. கூட்டினால் 370, ஒன்பதால் வகுத்தால் உங்கள் 41 வந்துவிடும். அந்த இரண்டு பேரும் அன்றைக்கு வரவில்லை என்றால் அதே பள்ளிக்கு 50. டீச்சர் பாடம் நடத்தியதில் ஒரு துளி மாற்றம் கிடையாது. பிப்ரவரி என்பது பொங்கல் முடிந்து குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுகிற மாதம். அந்தப் பிள்ளைகள் எழுதினால் சராசரி இறங்கும், எழுதாவிட்டால் ஏறும். அதனால் வருகை எத்தனை என்பது பக்கத்தில் இல்லாத சதவீதத்தை நான் பார்ப்பதே இல்லை.

இதை வைத்து டீச்சருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். மறுபக்கமும் உண்டு. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே ஏறக்குறைய 25 கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு தெரிந்து, மீதியைக் குத்துமதிப்பாகக் குறிக்கும் பிள்ளை 40 வாங்கிவிடும். ஆகவே 41 என்றால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைவிட மோசமாகவும் இருக்கலாம். 10 வாங்குகிற பிள்ளையோ தப்பாகக்கூடக் குறிக்கவில்லை, பல கேள்விகளை வெறுமனே விட்டிருக்கும். அது கணக்குப் பிரச்சினையா, கேள்வியையே வாசிக்க முடியாத பிரச்சினையா என்று பார்க்க வேண்டும்.

சராசரியைத் தள்ளிவையுங்கள். அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியது, எந்தக் கற்றல் விளைவில், அதாவது அந்த வகுப்பு முடிவதற்குள் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய எந்தத் திறனில், அடி வாங்கியிருக்கிறது என்பதை. முடிந்தால், பிள்ளைகள் எந்தத் தவறான விடையைக் குறித்தார்கள் என்பதையும். 42லிருந்து 17ஐக் கழி என்று ஒரு கேள்வி, விடைகள் 25, 35, 59, 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். 59 குறித்த பிள்ளை கூட்டிவிட்டது. 35 குறித்த பிள்ளை இருக்கிறதே, அது ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5, நாலிலிருந்து ஒன்றைக் கழித்து 3 என்று, எந்த எண் பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. ஒன்பதில் ஆறு பேர் 35 குறித்திருந்தால், கழித்தலை நடத்தவில்லை என்று சொல்ல முடியாது. நடத்தியிருக்கிறார்கள், ஆனால் பத்து, ஒன்று என்கிற இடமதிப்பு மனதில் உட்காரவில்லை. சில வாரத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம் அது. உங்கள் மகளும் அந்த 35 கூட்டத்தில்தான் இருப்பாள் என்று எனக்குப் படுகிறது.

இந்த மாதிரித் தேர்வுகளை வைப்பதே இதைத் தெரிந்துகொள்ளத்தான். 2021 நவம்பர் 12 அன்று நாஸ் என்கிற தேசிய அடைவுத் தேர்வு நாடு முழுக்க நடந்தது, 2024 டிசம்பர் 4 அன்று அதே மாதிரி பரக் என்கிற தேசிய ஆய்வு நடந்தது. இரண்டுமே சில பள்ளிகளை மாதிரியாக எடுத்து, மாவட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவை. அவற்றில் பள்ளிக்கு மார்க் போடுகிற பேச்சே இல்லை. ஸ்லாஸ் பள்ளி வரைக்கும் வருகிறது, நல்லதுதான். ஆனால் சின்னப் பள்ளியில் அந்த எண் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே ஆடும்.

எண்ணை வைத்து மிரட்டினால் என்ன ஆகும் என்பதைப் பத்தாம் வகுப்பில் நிறையப் பார்த்துவிட்டேன். ரிசல்ட் வந்ததும் ரிவ்யூ மீட்டிங். தேர்ச்சி சதவீதப்படி பள்ளிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, கடைசியில் இருக்கும் தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி. சிலருக்கு 17ஏ என்கிற ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ். திரும்பி வந்தவர் முதலில் கையில் எடுப்பது பாடப்புத்தகத்தை அல்ல, ஒன்பதாம் வகுப்பு மார்க் பட்டியலை. கீழே இருக்கும் பையனின் அப்பாவை வரச்சொல்லி, "தனித்தேர்வராக எழுதவைங்க, டுட்டோரியல்ல நல்லா பாத்துக்குவாங்க" என்று பக்குவமாகச் சொல்லி டிசியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி, வாசலில் ஃபிளெக்ஸ். போன பையன் எந்தக் கணக்கிலும் வர மாட்டான். மாநில முதலிடப் பட்டியலை 2017இல் நிறுத்தினார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஃபிளெக்ஸ் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

பதினொன்றாம் வகுப்புக் கதையும் இதேதான். பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தின. அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சரி. பழைய பழக்கம் திரும்பாமல் யார் பார்த்துக்கொள்வது?

வேன்_பீஸ்_கட்டுறவன்:

ஐயா சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் பையன் இரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் இருந்தான், பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்டாலும் "வந்துடும், வந்துடும்". கையில் ஒரு எண் இருந்திருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து கேட்டிருப்பேன். எண்ணே வேண்டாம் என்றால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடும்.

நெல்லை_டூ_அட்லாண்டா:

இங்கே அமெரிக்காவில் அந்த வழியில் கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டார்கள். 2002இல் கையெழுத்தான சட்டம், 3 முதல் 8 வரை வருஷா வருஷம் மாநிலத் தேர்வு, 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும் என்று இலக்கு வைத்தது. நடக்கவில்லை. 2015இல் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். நான் இருக்கும் அட்லாண்டாவில் 2009 தேர்வில் வாத்தியார்களே விடைத்தாளில் அழித்து எழுதியது வெளியே வந்தது. 2011 விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள். சிலருக்குச் சிறைத் தண்டனைகூட விதித்தார்கள். ஆனால் அந்த 2002 சட்டத்தில் ஒரு நல்ல ஷரத்து இருந்தது, அடுத்து வந்த சட்டத்திலும் அது இருக்கிறது: 95 சதவீதம் பிள்ளைகளாவது தேர்வு எழுத வேண்டும். எச்எம் ஐயா சொன்ன "வராத பிள்ளை" தந்திரத்துக்கு அதுதான் பூட்டு.

எண்ணும்_எழுத்தும்_டீச்சர்:

ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒரு குரல். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறேன். அது நல்ல முறை, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் மதிப்பீட்டை ஆப்பில் ஏற்றச் சொல்வார்கள், பள்ளியில் சிக்னல் கிடைக்காது, மாடிப்படியில் நின்று ஏற்றுவேன். அந்த நேரத்தில் வகுப்பு என்ன செய்யும்?

அம்மா, உங்கள் டீச்சரைக் கூட்டத்தில் கேட்காமல் தனியாகப் போய்க் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் நாங்கள் பதில் சொல்ல மாட்டோம், சமாளிப்போம்.

பழைய_எச்எம்:

வேன் தம்பிக்கு: எண் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. "வந்துடும்" என்று சொன்னவரை எந்தப் பாடத்தில், எந்த மாதத்துக்குள் என்று மடக்கியிருக்க வேண்டும், அதற்கு எண் உதவும். இன்னொன்று, வேன் போகிற தனியார் பள்ளியின் மூன்றாம் வகுப்பு இந்த ஸ்லாஸ் தாளை எழுதவில்லை. ஆகவே 41ஐவிட அது மேலா கீழா என்று சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை. டிசி கேட்டவர்களிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். மேலே டீச்சர் சொன்னதும் சரி, தனியாகக் கேட்பதுதான் வழி.

மூணாப்பு_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குப் போய்க் கேட்டேன். எழுதியது ஏழு பேர், பெயர் இருப்பது ஒன்பது பேர். டீச்சர் தாளைத் திருப்பிக் காட்டினார், கழித்தலும் அளவைகளும்தான் அடி. மகளிடம் 42 - 17 கேட்டேன் ஐயா. 35 என்றாள்! வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பழைய_எச்எம்:

தென்னை ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டுவது அவளாக இருக்க வேண்டும். நாலு கட்டு, இரண்டு உதிரி வைத்துவிட்டு, "இதிலிருந்து 17 குச்சி எனக்குக் கொடு" என்று கேளுங்கள். உதிரி பத்தாது, ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரி என்று நீங்கள் சொல்லாதீர்கள். அதை அவளாகச் செய்த பிறகு நோட்டில் எழுதவையுங்கள், அதுவரை நோட்டே வேண்டாம். அப்புறம் 50 - 23 மாதிரி உதிரியே இல்லாத எண், கடைசியில் 100 - 36. நூற்றுக்குப் பத்துக் கட்டையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

எழுதாத அந்த இரண்டு பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றும் டீச்சரிடம் கேட்டுவிடுங்கள்.