கொசப்பேட்டை வீட்டு ஒட்டுக் கூரை: இடிக்காமல் காப்பாற்ற வழி உண்டா?

வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு. பதினான்கு அங்குலச் சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே தேக்கு உத்தரங்களில் செங்கலைக் குத்துக்கல்லாகப் பதித்த மெட்ராஸ் ஒட்டு (மெட்ராஸ் டெரஸ் என்கிற தட்டையான கூரை). மாடியில் ஓர் அறை எடுக்க ஆசைப்பட்டேன். தொல்லை அதில்தான் தொடங்கியது.

கொல்லைப்புற அறையில் மூன்று உத்தரங்களின் முனை சுவருக்குள் போகுமிடத்தில் கறுத்திருக்கிறது. திருப்புளியை அழுத்தினால் இரண்டு விரற்கடை உள்ளே இறங்குகிறது, ஈரத்தூள் கொட்டுகிறது. நடுப்பகுதியோ இரும்பு மாதிரி. பல ஆண்டுகளுக்கு முன் கைப்பிடிச் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தை அந்தப் பூச்சு வெளியே விடாமல் அடைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

பொறியாளர் ஒட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார். கொத்தனார் இரும்பு கர்டர் கொடுத்தால் போதும் என்கிறார். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் இருவரும் விலை சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

வேலூர் நிலநடுக்க மண்டலம் மூன்றில் (மிதமான ஆபத்துள்ள பகுதி) வருகிறது. கான்கிரீட் தளத்தையும் மாடி அறையையும் இந்தச் சுவர் தாங்குமா என்று அறிய என்ன சோதனை செய்யலாம்? முனையை மட்டும் வெட்டி, இரும்புப் பட்டை வைத்துப் புது மரம் இணைத்தவர்கள் உண்டா? தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, ஒட்டை மாற்ற மட்டும் மாநகராட்சி அனுமதி வேண்டுமா?

சுண்ணாம்பு வேலை தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் காட்பாடி, ஆற்காடு பக்கம் இருந்தால் சொல்லுங்கள். மழைக்கு முன் முடிவெடுக்க வேண்டும். இப்போதைக்கு உத்தரங்களுக்குச் சவுக்கு முட்டு கொடுத்திருக்கிறேன்.