பழைய பட்டறைக்கல், கிலோ 180 ரூபாய்: வாங்கலாமா?

ஈரோட்டான்:
வணக்கம். இங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் பட்டறைக்கல் (கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை) கிடக்கிறது, ஒரு முனையில் கூம்பாகக் கொம்பு வைத்தது. துருவைச் சுரண்டினால் பக்கவாட்டில் ‘பீட்டர் ரைட்’ என்று ஆங்கிலத்தில் மங்கலாகத் தெரிகிறது. அதன் கீழே 1 1 4 என்று இடைவெளி விட்டு மூன்று எண்கள். அது 114 கிலோ, கிலோவுக்கு 180, மொத்தம் 20,520 ரூபாய் என்கிறார் கடைக்காரர். மேல்முகத்தில் ஓர் ஓரம் விரல் நீளத்துக்கு உடைந்திருக்கிறது, நடுவில் லேசான பள்ளம். முகத்துக்கும் கொம்புக்கும் நடுவே உள்ள படி முழுக்க உளித் தழும்பு. கத்தி, அரிவாள் அடித்துப் பழக வேண்டும். வாங்கலாமா? பள்ளத்தை மெஷினில் சீவிவிடலாமா?

உலைக்களம்:
தம்பி, முதலில் எடை. அது 114 கிலோ இல்லை. பழைய இங்கிலாந்துக் கல்லில் முதல் எண் எத்தனை 112 பவுண்டு, இரண்டாவது எத்தனை 28 பவுண்டு என்ற கணக்கு, மூன்றாவது அப்படியே பவுண்டு. 112 + 28 + 4 = 144 பவுண்டு, அதாவது 65 கிலோ. அவர் சொல்லும் தொகைக்கு கிலோ 315 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தராசில் ஏற்றச் சொல்லுங்கள்.

பீட்டர் ரைட் இங்கிலாந்தில் டட்லியில் செய்த நல்ல கல். உடம்பு தேனிரும்பு, அதாவது மெத்தென்ற பழைய வகை இரும்பு; மேலே கடின எஃகுத் தகடு காய்ச்சி ஒட்டியது. அந்தத் தகடுதான் மொத்த மதிப்பும். அதனால் சீவவே சீவாதீர்கள். தகடு மெலிந்துவிட்டால் கல் போச்சு. உடைந்த ஓரத்தை வெல்டிங் வைத்து நிரப்புவதும் வேண்டாம், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள கடினம் இறங்கிவிடும். மறு ஓரம் நன்றாக இருக்கிறதல்லவா, அது போதும். உளித் தழும்பு உள்ள படி இரும்பு வெட்டுவதற்காகவே மெத்தென விட்ட இடம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஒரு பேரிங் குண்டும் ஸ்கேலும் கொண்டு போங்கள். 25 செ.மீ. உயரத்திலிருந்து முகத்தில் பல இடங்களில் போட்டுப் பாருங்கள். 18 செ.மீ.க்கு மேல் எழும்பினால் தாராளமாக வாங்கலாம். எங்கும் 10 கூடத் தாண்டாவிட்டால், ஒரு காலத்தில் தீ விபத்தில் சிக்கிக் கடினம் போன கல்லாக இருக்கலாம். விட்டுவிடுங்கள். அப்புறம் சின்னச் சுத்தியலால் முகம் முழுக்கத் தட்டுங்கள். ஓர் இடத்தில் மட்டும் ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால் தகடு அடியில் விட்டிருக்கிறது. குப்பையில் புதைந்து கிடந்தால் சத்தம் அமுங்கும், மரக்கட்டை மேல் தூக்கி வைத்துத் தட்டுங்கள்.

சிவகங்கைச் சுத்தியல்:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்துக் கொல்லர்கள் கொம்பில்லாத சின்னச் சதுரக் கல்லில்தான் அரிவாள் அடிக்கிறார்கள். பழகுவதற்கு மட்டும் என்றால் கனமான எஃகுக் கட்டை ஒன்றைக் கிலோ விலைக்கு வாங்கி நட்டாலே போதும், இருபதாயிரம் தேவையில்லை. வளைவு வேலை, கொக்கி, வளையம் எல்லாம் செய்ய ஆசை இருந்தால் கொம்பு வேண்டும்.

உலைக்களம்:
அதுவும் நியாயம். ஆனால் நல்ல கல்லில் அடித்தால் சுத்தியலைக் கல்லே திருப்பித் தூக்கித் தரும். ஒரு மணி நேரம் அடித்த பிறகு தோள்பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியும். கல் தேறினால், விலை குறைந்தால், விடாதீர்கள்.

ஈரோட்டான்:
ரொம்ப நன்றி ஐயா. போய்ப் பார்த்துவிட்டேன். தராசில் 64 கிலோ. குண்டு நடுவில் 19, ஓரங்களில் 18, பின்பக்கச் சதுர ஓட்டைக்கு அருகில் 15 செ.மீ. எழும்பியது. கிர்ர் சத்தம் எங்கும் இல்லை. கிலோவுக்கு 200 தருகிறேன் என்றேன், 12,800க்கு ஒத்துக்கொண்டார். வேப்பங்கட்டை மேல் உட்கார வைக்கலாமா?

உலைக்களம்:
நல்ல விலை. பின்பக்கம் அடியில் தாங்கல் இல்லாததால் அங்கே குறைவது சகஜம். வேம்பு தாங்கும், நன்றாகக் காய்ந்த கட்டையாக எடுங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால், முஷ்டி உயரத்துக்குக் கல்லின் முகம் வர வேண்டும். அதற்கேற்ப கட்டையை அறுத்து, கல்லை இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிடுங்கள்.